பட்டாளத்து வயசு

எங்கப்பாவுக்கு ஊட்டு வயசு ஒண்ணு, பட்டாளத்து வயசு ஒண்ணு. போன புரட்டாசியில ஊட்டுக் கணக்குல எண்பத்தி மூணு முடிஞ்சிருந்துச்சு. பட்டாளத்துக் கணக்குல அப்ப எண்பதே ஆகல. சர்க்காருக்குத் தெரிஞ்சது பட்டாளத்து வயசு மட்டும்தான். போன வருசம் பூரா எங்க குடும்பம் பட்ட பாடு இந்த நாலு வருச வித்தியாசத்துனாலதானுங்க.

சீனாக்காரன் சண்டை முடிஞ்ச கையோட சேலத்துல பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாங்களாம். எங்கப்பா போய் நின்னிருக்காரு. நெஞ்சு அளவு சரி, ஓட்டம் சரி, வயசுதான் தாண்டிப்போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அழுதுட்டே நடந்து வந்த ஆளை எங்கூர் வாத்தியாரு கூப்பிட்டு, "அதுக்கென்னடா, பொறந்த தேதி நம்ம கையிலதான இருக்குது"ன்னு நாலு வயசக் கொறச்சு ஜூன் மாசத்துல ஒரு தேதி போட்டுப் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டே எழுதிக் குடுத்துட்டாரு. அடுத்த தடவ போனாரு, எடுத்துக்கிட்டாங்க. அந்தக் காலத்துல எடப்பாடிச் சுத்துவட்டாரத்துல பட்டாளத்துக்குப் போன பாதிப்பேரு வயசு அப்படித்தான். வாத்தியாரு பண்ணுனது புண்ணியம்னுதான் ஊரே பேசுச்சு. அவரு ஊட்டுக்கு எங்காத்தா வருசா வருசம் தைநோம்பிக்கு ஒரு கட்டுக் கரும்பும் மஞ்சக்கொத்தும் அனுப்பிச்சு உடும்.

எங்கப்பா ரெண்டு சண்டையப் பாத்துட்டு ஹவில்தாரா வந்து சேந்தாரு. நான் அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். வந்தவரு தோட்டத்தையும் பாத்துக்கிட்டு, பென்ஷனையும் வாங்கிக்கிட்டு, யாருகிட்டயும் கை நீட்டாம வாழ்ந்தாரு. எங்காத்தா போயி பல வருசமாச்சு. கூடப்பொறந்ததுன்னு எனக்கு யாரும் இல்ல. அதனால நானும் என்ற ஊட்டுக்காரரும் அவரு கூடவேதான் இருக்கறோம். தண்ணியில்லாம தோட்டம் காஞ்சதுக்கு அப்புறம் நாலு விசைத்தறி போட்டோம். தறி வாங்குன கடனுக்கு மாசத் தவணையும், நர்சிங் படிக்கற என்ற புள்ளைக்கு பீஸும், ரெண்டும் எங்கப்பா பென்ஷன்லதான் ஓடுது. இதச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல. கூலிக்கு ஓட்டற தறியில வர்றது அரிசி பருப்புக்கும் கரண்டு பில்லுக்கும் சரியாப் போயிருது.

பக்கத்து வீதியில இன்னொரு ஹவில்தார் இருக்காரு. எங்கப்பாவ விடச் சின்னவரு, நான் அண்ணான்னு கூப்பிடுவேன். எங்கப்பாவுக்கும் அவருக்கும் ஒரே பதவி, ஒரே அளவு சர்வீசு. ஆனா அவரு பின்னால ரிட்டயர் ஆனாரு, அதனால பென்ஷன் அவருக்கு எச்சா, எங்கப்பாவுக்குக் கம்மி. ஒரே சோத்தத் தின்னு ஒரே பனியில நின்னவங்களுக்கு ரெண்டு கூலியான்னு எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்னு டெல்லியில போராடுனாங்க, சரி பண்றோம்னாங்க, பண்ணவும் பண்ணுனாங்க. ஆனா அத அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா தான் பாப்பாங்களாம். நடுவுல மறுபடியும் ஓட்டை உழுகும். விலைவாசி அஞ்சு வருசம் பொறுத்துக்கிட்டா ஏறுது?

பஞ்சப்படி ஏத்திட்டாங்கன்னு பேப்பர்ல போட்டா பாக்கறவங்கல்லாம் "உங்களுக்கென்ன, பட்டாளத்துப் பென்ஷன்"ம்பாங்க. அட கெரகமே! சதவீதம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், இல்லீங்கல. அண்டாவுல இருக்கறவனுக்கு அண்டாவுக்குத் தக்கன ஊத்துவாங்க, சொம்புல இருக்கறவனுக்குச் சொம்புக்குத் தக்கன ஊத்துவாங்க. பழைய ஆளுங்க எப்பவும் சொம்புதான். ஏறுதுங்கறது உண்மை, ஆனா அடுத்த ஊட்டுக்கும் நமக்கும் இருக்கற தூரமும் சேந்தேதான ஏறுது.

போன புரட்டாசியில எங்கப்பா குளியலறையில வழுக்கி உழுந்தாரு. இடுப்பெலும்பு போயிருச்சு. ஆபரேஷன் செலவு பட்டாளத்து மருத்துவத் திட்டத்துல போயிருச்சு, அதுக்கு சர்க்காரக் கையெடுத்துக் கும்படறேன். ஆனா எந்திரிச்சு நடக்கல. பகலெல்லாம் பக்கத்துல ஒரு ஆள் வேணும். நான் உக்காந்தேன். நான் உக்காந்தா ரெண்டு தறி நின்னு போச்சு, ஒத்த ஆளு நாலு தறிய எப்படி ஓட்டுவாரு? கூலிக்கு நெய்ய நூல் பாவு குடுக்கற மொதலாளி, "ஓட்ட முடியலைன்னா சொல்லுங்க, வேற ஊட்டுக்குக் குடுத்துக்கறேன்"னு நேராவே கேட்டுட்டாரு.

வேற வழியில்லாம பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒரு அக்காவ அப்பாவப் பாத்துக்க ஆளா வெச்சேன். நல்ல அக்கா, அருவருப்புப் படாம எல்லாம் பண்ணும். ஆனா அதுக்குச் சம்பளம், டயப்பருக்கு ஒரு செலவு, ரெண்டும் பென்ஷன்ல பெரிய துண்டா உழுந்துச்சு. கடன் தவணை தள்ளிப்போச்சு. புள்ள காலேஜுல பரீச்சைக்கு உடமாட்டோம்னு சொல்லிட்டாங்களாம். போன்ல அழுகுது. எந்த ஓட்டைய அடைக்கறதுன்னே தெரியாம நான் சோத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுவாங்க. பென்ஷன்காரன் யானை இல்லீங்க. மூச்சு இருக்கற வரைக்கும்தான் பொன்னு. எங்காத்தாவும் இல்ல, நானோ வாக்கப்பட்டவ, எங்கப்பாவுக்கு அப்புறம் அந்தப் பணம் யாருக்கும் வராது. அவரு இருந்தா ஆள் வெச்சுப் பாக்கத் தெம்பில்ல, போயிட்டா தறியும் இல்ல, புள்ள படிப்பும் இல்ல. பெத்த அப்பனப் பத்தி இப்படியெல்லாம் நெனைக்க வெக்கற காலத்தத்தான் நான் திட்டறேன்.

அப்பத்தான் பக்கத்து வீதி அண்ணன் ஒரு விசயம் சொன்னாரு. "அம்மிணி, எண்பது ஆச்சுன்னா அடிப்படைப் பென்ஷன்ல அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் குடுப்பாங்க. வயசானா செலவு எச்சாகும்னு சர்க்காருக்கும் தெரியுமல்லோ." நான் அப்படியே நிமுந்து உக்காந்துட்டேன். அந்த அஞ்சுல ஒரு பங்குதான் எனக்கு அந்த அக்காவோட சம்பளம். அது வந்துட்டா எல்லாம் நின்ன எடத்துல நிக்கும்.

"எங்கப்பாவுக்கு எண்பது எப்பவோ ஆச்சுங்களேண்ணா"ன்னேன்.

"ஊருக்குத்தான் ஆச்சு. ரெக்கார்டுக்கு வர்ற ஜூன்லதான் ஆகும்"னாரு அவரு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. அந்த ஜூனுக்கு நாலு வருசம் முன்னாடியே வந்திருக்க வேண்டிய காசு. செத்துப்போன அந்த வாத்தியார வாயில வந்தபடி திட்டுனேன். எங்கப்பா கட்டில்ல இருந்தே கேட்டுட்டு, "அவரத் திட்டாத சாமி. அந்த நாலு வருசம் இல்லாட்டி எனக்கு இந்தப் பென்ஷனே ஏது? உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகோணும்"னாரு. அவருக்குச் சர்க்காரு மேல ஒரு கோவமும் இல்ல. அவரு படாத கோவத்தையெல்லாம் சேத்து நான்தான் பட்டேன்.

தை மாசம் சேலத்துல பென்ஷன்காரங்களுக்குக் குறை கேக்கற முகாம் போட்டாங்க. நான் ஒரு வேலை பண்ணுனேன். ஜேடர்பாளையத்துப் பக்கம் குடுத்திருக்கற எங்கத்தையப் போயி கூட்டிட்டு வந்தேன். எங்கப்பாவோட சொந்தத் தங்கச்சி, மூணு வருசம் சின்னது. ஆனா ஆதார்ல பாத்தா அது எங்கப்பாவ விட ஒரு வருசம் மூத்தது! பட்டாளத்துக்குப் போகாத பொம்பளைக்கு வயசக் குறைக்க என்ன அவசியம் வந்துச்சு? உள்ளத உள்ளபடி சொல்லிப் பதிஞ்சுக்கிச்சு. தங்கச்சிக்கே எண்பது தாண்டியாச்சு, அண்ணனுக்கு எப்படிங்க தாண்டாம இருக்கும்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு நெனச்சுக்கிட்டேன். எங்கத்தை வெளுத்த சேலை கட்டி, நெத்தியில துந்நூறு பூசி, கோர்ட்டுக்குப் போறாப்புல கெளம்புச்சு. வழித்துணைக்கு அந்த அண்ணனும் வந்தாரு. எதுக்கு அத்தையக் கூட்டிட்டுப் போறேன்னு நான் அவருகிட்டச் சொல்லல, அதுதான் தப்பாப் போச்சு.

முகாம்ல மேசைக்கு அக்கட்ட ஒரு சின்ன வயசு அதிகாரி. மரியாதையான பையன்தான். எங்கத்தையோட ஆதாரையும் எங்கப்பாவோட ஆதாரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுச் சிரிச்சுட்டாரு. "பாட்டிம்மா, நீங்க அக்கா இல்லீங்களா?"ன்னு கேட்டாரு.

"நான் தங்கச்சிங்க சாமி"ன்னு எங்கத்தை நெஞ்ச நிமுத்திச்சு. "எங்கண்ணன் ஓடியாடி வெளையாடறப்ப நான் பொறக்கவே இல்லீங்க. பட்டாளத்துல சேக்கோணும்னு எங்கூர் வாத்தியாருதான் வயசக் கொறச்சு..."

பையன் சிரிப்ப நிறுத்திட்டுத் தலையத் தூக்கிப் பாத்தாரு. கையில பேனா நின்னு போச்சு. பின்னால நின்ன அண்ணன் ஒரே எட்டுல முன்னால வந்து, "சார், அம்மாவுக்கு வயசாச்சுங்க. நெனப்புத் தப்பிப்போச்சு. என்னத்தையோ பேசும், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு சிரிச்சு மழுப்பி, ரெண்டு ஆதாரையும் மேசைல இருந்து எடுத்துக்கிட்டாரு. எங்களத் தள்ளாத கொறையா வெளிய கூட்டிட்டு வந்துட்டாரு.

வேப்பமரத்தடியில நிக்க வெச்சு அவரு பேசுனது இன்னும் காதுலயே இருக்குது. "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா அம்மிணி? வயசு தப்புன்னு நீ நிரூபிச்சயின்னா, பொய் சர்ட்டிபிகேட் குடுத்துப் பட்டாளத்துல சேந்தாருன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாப் போயிரும். அஞ்சுல ஒண்ணு கேக்கப் போயி அஞ்சும் போனா என்ன பண்ணுவே?"

அப்படியெல்லாம் புடுங்குவாங்களா, மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனா பரீட்சை பண்ணிப் பாக்கற நெலமையிலயா நான் இருந்தேன்? உண்மையச் சொன்னா பயம், பொய்யச் சொன்னா பட்டினி. இதுல எதத்தான் சொல்றது சொல்லுங்க!

பஸ்ஸு சங்ககிரி தாண்டறப்பத்தான் எங்கத்தை வாயத் தொறந்துச்சு. "எனக்கா நெனப்புத் தப்பிப்போச்சு? என்ற அண்ணன் வயசு எனக்குத் தெரியாதா? உங்க காசுக்கு என்னையக் கிறுக்கியாக்கிட்டீங்க"ன்னு சொல்லி முந்தானையில மூக்கச் சிந்துச்சு. "அத்தை, மன்னிச்சுக்குங்க அத்தை"ன்னு கையப் புடிச்சேன். கைய உருவிக்கிச்சு. அன்னைக்குப் போனது, இன்னும் எங்க ஊட்டுப் பக்கம் வரல.

சரி, ஜூன் வரைக்கும் எப்படியாவது ஓட்டிரலாம்னு நானும் ஊட்டுக்காரரும் முடிவு பண்ணுனோம். காதுல கெடந்தத அடகு வெச்சுப் புள்ளைக்குப் பீஸு கட்டுனேன். தவணைக்குப் பேங்குல போயி நின்னு கெஞ்சுனேன். இனி எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் பண்ணோணும். உசுரோட இருக்கோணும். பட்டாளத்து வயசுல எண்பதத் தொடோணும்.

அவரு அதப் பண்ண மாட்டேன்னுட்டாரு.

மாசி கடைசியில முதுகுல புண்ணு வந்துச்சு. அதுக்கப்புறம் சோறு எறங்கல. மொதல்ல பசிக்கலைன்னாரு. அப்புறம் வாயவே தொறக்கல. கஞ்சியக் கொண்டுபோயிக் கரண்டிய ஒதட்டுல வெச்சா, பல்ல இறுகக் கடிச்சுக்கிட்டு செவுத்தப் பாத்துக்குவாரு. அந்த அக்கா கெஞ்சிப் பாக்கும், பாட்டுப் பாடிக்கூடப் பாக்கும். "போதும் சாமி. போதும்"னு அது ஒண்ணுதான் சொல்லுவாரு. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வாயி தண்ணியும் இளநீரும்தான் உள்ள போகும். டாக்டரு வந்து பாத்துட்டு, இப்படியே இருந்தா மூக்கு வழியாக் குழாய் போடோணும், இல்லைன்னா ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்லிட்டுப் போனாரு.

சித்திரை வெயிலு ஓட்டு மேல அடிக்குது. தறி சத்தம் ஒரு பக்கம். நான் பாவு புணைக்கறத உட்டுட்டு ஓடியாந்து ஓடியாந்து எங்கப்பா நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாப்பேன். மத்தவங்க அப்பன் உசுருக்குத்தான் வேண்டுவாங்க. நான் ஜூன் மாசத்துக்கு வேண்டுனேன். சாமி படத்துக்கு முன்னால நின்னா எனக்கே என்னையப் புடிக்கல.

ஒரு நாள் மத்தியானம், நான் ஊத்துன கஞ்சியத் துப்பிட்டாரு. எனக்கு அடக்க முடியல. "ஏப்பா, சாகறதுக்கு இதுவா நேரம்? இன்னும் ஒரு மாசம் இருக்க முடியாதா உங்களுக்கு? பனியில மலை மேல அத்தனை வருசம் நின்னவருக்கு, இந்தக் கட்டில்ல ஒரு மாசம் கெடக்க முடியலையா?"ன்னு கத்திட்டேன். சத்தம் கேட்டு என்ற ஊட்டுக்காரரு தறிய நிறுத்திட்டு ஓடியாந்தாரு. "ஏம்புள்ள, பெத்த அப்பன்கிட்டப் பேசற பேச்சா இது?"ன்னாரு. "அப்ப நீங்க பேசுங்க. பேசி இருக்க வெய்யுங்க பாக்கலாம்"னு கரண்டிய அவரு கையில குடுத்துட்டு வெளிய போயி உக்காந்து அழுதேன். அழுது முடிச்சுட்டு எந்திரிச்சு வந்து, கஞ்சி கொட்டுன எடத்தத் தொடச்சேன்.

அன்னைக்குப் பொழுதோட எங்கப்பா கொஞ்சம் இளநீரு எச்சாக் குடிச்சாரு. மறுநாளும் குடிச்சாரு. அவரு எனக்காகக் குடிச்சாருன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாயும் முழுங்கறதுக்குள்ள கண்ணு ரெண்டும் தண்ணி கட்டிக்கும். நான் தலையத் திருப்பிக்கிட்டுத்தான் ஊத்துவேன்.

ஜூன் வந்துச்சு. பட்டாளத்து வயசுல எண்பது ஆச்சு. எழுபது எண்பதுன்னா வசதியானவங்க மாலை மாத்தி விருந்து போடுவாங்க. நாங்க கிழிச்ச துணியில புண்ணுக்கு மருந்து வெச்சுக் கட்டுனோம். மாசக் கடைசியில பக்கத்து வீதி அண்ணன் வந்து, என்ற போன்ல வந்திருந்த பேங்கு மெசேஜ வாங்கிப் பாத்து, "ஏறிருச்சு அம்மிணி, சரியா ஏறிருச்சு"ன்னாரு. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் மூச்சு முழுசா உள்ள போயி வெளிய வந்த மாதிரி இருந்துச்சு. அக்காவோட சம்பளத்துக்கு வழி பொறந்துருச்சு. தறி நிக்காது.

ஓடிப் போயி எங்கப்பா காதுக்குப் பக்கத்துல குனிஞ்சு சொன்னேன். "அப்பா, வந்துருச்சுப்பா. எண்பதுக்கு உண்டானது வந்துருச்சு."

கண்ணத் தொறந்தாரு. என்னையப் பாத்தாரு. என்னையத்தான் பாத்தாரா, யாருன்னு நெனச்சுப் பாத்தாரான்னு தெரியல. நான் பொறந்ததுல இருந்து என்னைய வா, போன்னு பேசுன மனுசன், கைய மெதுவா வயித்து மேல சேத்து வெச்சுக்கிட்டுக் கேட்டாரு.

"அப்ப நான் போலாமுங்களா?"

போங்கப்பா, போதும்ப்பா, நல்லாப் போயி சேருங்கன்னு சொல்லியிருக்கோணும். ஒரு மனுசி அதத்தான் சொல்லுவா. ஆனா என்ற மனசுல புள்ளையோட காலேஜுதான் வந்து நின்னுச்சு. இன்னும் ரெண்டு வருசப் படிப்பு பாக்கி.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்கப்பா. புள்ள படிச்சு முடிச்சிரட்டும்"னேன்.

"சரிங்க"ன்னாரு.

கஞ்சிய எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன். நான் கேக்காமயே எங்கப்பா வாயத் தொறந்தாரு.